பழைய வில்லுக்கு நேர்ந்ததும் புது வில்லைப் பார்த்ததும்

சிவமயம்

மில்லிக்கன்
26.10.1996

அன்பு மகள் சுபாங்கிக்கு,

நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், அவருடைய இடது முழங்கால் மட்டும் குளிர் தொடங்கிய நாளிலிருந்து எங்களோடு ஒத்துப்போகாமல் தன்பாட்டில் நடக்கிறது. நீ இருக்கும் தண்டர் பே நகரில் இப்போதே பனி விழுந்துவிட்டது என்று வானொலியில் சொன்னார்கள், நீயும் சுகமாக, காலில் நல்ல சப்பாத்தோடு இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே இதை எழுதத் தொடங்குகிறேன். உன் கடிதம் பத்தாம் திகதியே வந்துவிட்டது. பதில் எழுத இத்தனை நாள் சென்றதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லத்தான் போகிறேன், ஆனால் நீ நின்றபடி வாசிக்காமல் கதிரையில் இருந்து வாசி. யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது உன் வில்லுக்கு.

ஓகஸ்டில் நீ வந்து திரும்பும்போது காரில் இடமில்லை என்று அந்த வில்லைக் கராஜில் வைத்துவிட்டுப் போனாய். இடமில்லாமல் போனதற்கு நான் கட்டித் தந்த மிளகாய்த்தூளும் அரிசிமாவும் இடியப்ப உரலும்தான் காரணம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மான் வேட்டைக்கு நவம்பர் ஒன்பதாம் திகதி உன் சிநேகிதி கிளடிஸோடு போவதால் பழைய வில்லைப் பிரியந்தனின் லொறியில் அனுப்பிவிடச் சொல்லி எழுதியிருந்தாய். அதோடு, ஆலையில் உன்னோடு வேலை செய்பவர்கள் எல்லோரும் இப்போது வரும் புது வில்லுகளைப் புகழ்கிறார்கள், உன்னுடையதை நூதனசாலைக்குக் கொடு என்று பகிடி பண்ணுகிறார்கள், அம்மா பௌதிகம் படிப்பித்தவர், ஒரு கடையில் போய்ப் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். கடைசி வரியில், போன வருடம் நடந்தது வில்லின் பிழையா என் பிழையா என்று கேட்டு, பிறகு அதைக் கோடு போட்டு வெட்டியிருந்தாய். வெட்டினாலும் வாசிக்க முடிந்தது. மாணவர்கள் வெட்டியதையெல்லாம் வாசித்துப் பழகிய கண் இது.

முதலில் வில்லின் கதையைச் சொல்கிறேன். போன திங்கட்கிழமை விஜயதசமி. எங்கள் கோயிலில் மானம்பூத் திருவிழா. கோயில் என்றால் நீ பார்த்த அதே பண்டகசாலைக் கட்டடம்தான், ஒரு பக்கம் கார் ரயர் கடை, மறுபக்கம் தளபாடக் கடை, நடுவில் அம்பாள். அசுரனாக நினைத்து வெட்டும் வாழை வெட்டுக்கு ஒரு வாழை வேண்டுமே, அது ஒரு வீட்டு வரவேற்பறையில் தொட்டியில் நின்ற வாழை, அதையும் காரின் பின் ஆசனத்தில் பட்டி போட்டு இருத்திக் கொண்டுவந்தார்கள். அம்பாள் குதிரையில் எழுந்தருளும்போது கையில் பிடிக்கும் தங்கத்தாள் ஒட்டிய தடி வில் போன வருடமே உடைந்துவிட்டது. சபைச் செயலாளர் சண்முகநாதன் அண்ணை அதைச் சொல்லிக் கவலைப்பட்டபோது உன் அப்பா சும்மா இருக்கக்கூடாதா, எங்கடை வீட்டை ஒரு வில் சும்மா கிடக்கு அண்ணை, உண்மையான வில், இரண்டு நுனியிலும் சில்லுகூடக் கிடக்கு என்று சொல்லிவிட்டார். கொண்டுபோய்க் காட்டியதும் அண்ணை சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, உதென்னப்பா இரத்தினவேல், சைக்கிளைக் கழட்டிப் பாதியிலை விட்ட மாதிரிக் கிடக்கு என்றார். குருக்கள் எது முன்பக்கம் என்று மட்டும் கேட்டார். சந்தனம் வைத்து, செவ்வந்தி மாலை சுற்றி, அம்பாளுக்குப் பக்கத்தில் சாத்தியபோது, உள்ளதைச் சொன்னால், வடிவாகத்தான் இருந்தது.

இனித்தான் என் பங்கு வருகிறது. அன்று பின்னேரம் புறப்படும்போது அம்புகளையும் கொண்டுபோகட்டுமா என்று அப்பா கேட்டார். நான் சமையலறையில் நின்றபடி, அம்பு எல்லாம் வீட்டிலை கிடக்கட்டும், சின்னப் பிள்ளையள் ஓடித் திரியிற இடம், அம்பில்லாத வில் ஆரை என்ன செய்யப்போகுது என்றேன். அப்படிச் சொன்னது நான்தான், பிள்ளை. அப்பா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். வாழை வெட்டு முடிந்ததும் சண்முகநாதன் அண்ணைக்கு ஒரு ஆசை வந்தது, அம்பாள் எய்ததுபோல நாணை ஒருக்கா இழுத்து விட்டால் சனத்துக்குச் சந்தோசமாக இருக்கும் என்று. குருக்கள் இழுத்துப் பார்த்தார், நாண் நாலு விரல்கூட வரவில்லை. விடுங்கோ ஐயா, நான் வாறன் என்று அப்பா முன்னுக்குப் போனார். பாதி தூரம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார், அதற்குப் பிறகு உன் வில்லின் குணப்படி பாரம் குறையத் தொடங்கியதும் அவர் அதிசயப்பட்டுப் போனார், முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, அந்தச் சிரிப்போடு நாணை விட்டுவிட்டார். ரயர் கடையில் ஏதோ வெடித்தது என்றுதான் நான் முதலில் நினைத்தேன். சனம் அதையும் திருவிழாவில் ஒரு பகுதி என்று நினைத்துக் கையைத் தலைக்கு மேல் தூக்கி அரோகரா சொன்னது. இன்னொருக்கா என்று பின்னால் யாரோ கேட்டார்கள். உன் அப்பா இன்னொரு முறையும் செய்தார்.

வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றும்போதுதான் மேல் சில்லு ஒரு பக்கம் சரிந்திருப்பதைக் கண்டேன். உடனே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. முப்பத்துநாலு வருடம் சக்தி அழிவதில்லை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் என்று கரும்பலகையில் எழுதியவள் நான். ஐம்பது இறாத்தல் வில்லை இழுத்து அப்பா சேர்த்து வைத்த சக்தி எல்லாம் அம்போடு வெளியே போயிருக்க வேண்டும். அம்பைத்தான் நான் வீட்டில் வைக்கச் சொல்லிவிட்டேனே. போக இடமில்லாத சக்தி, பிடிக்கு மேலும் கீழும் வளையும் வில்லின் இரண்டு கைகளுக்குள்ளேயே திரும்பிப் பாய்ந்திருக்கிறது. பந்து இருக்கிறது என்று நினைத்து முழுப் பலத்தோடு காலை வீசி, அங்கே பந்து இல்லாவிட்டால் முழங்கால் என்ன பாடு படும், அதேதான். அப்பாவுக்கு இந்த உதாரணத்தைச் சொன்னபோது அவர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டு, அப்ப வில்லுக்கும் எனக்கும் ஒரே வருத்தம் என்றார். நான் சிரிக்கவில்லை. என்மேல்தான் எனக்குக் கோபம். உன் வில் என்பதால் மட்டும் இல்லை. விளங்காதவன் செய்திருந்தால் தெரியாமல் செய்தான் என்று விடலாம்.

புதன்கிழமை காலை வில்லைப் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டு ஸ்ரௌவ்வில் என்ற ஊர்ப் பக்கம் போனோம். நம் ஜெயமலர் ஆக்கள் அங்கே புது வீடு வாங்கியிருக்கிறார்கள், அதனால் அப்பாவுக்கு வழி தெரியும், ஆனால் அவர்கள் தெருவில் எல்லா வீடும் ஒரே மாதிரி, போன முறை வேறு யாருடையதோ கதவைத் தட்டிவிட்டோம். அந்தத் தெருவையும் தாண்டிச் சோளக் காணிகள் தொடங்கும் இடத்தில் ஒரு வில்லுக் கடை. கடைக்காரி வேரோனிக்கா, போலந்துப் பெண், என் வயதுதான் இருக்கும், எண்ணெய்க் கறை பிடித்த ஏப்ரன், காதில் ஒரு பென்சில். நடந்ததை நான் ஒன்றும் மறைக்காமல் என் ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் திட்டவில்லை. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் இப்படி இரண்டு மூன்று வில் வரும், பெரும்பாலும் விருந்துக்கு வந்த மைத்துனன் இழுத்துப் பார்த்ததாக இருக்கும், கடவுளுக்காக இழுத்தது இதுதான் முதல் தடவை என்றாள். பிறகு ஒரு சின்னப் பஞ்சு உருண்டையை எடுத்து வில்லின் மேல் கையில் மெதுவாகத் தேய்த்துக்கொண்டு போனாள். சில்லுக்கு மூன்று விரல் கீழே பஞ்சு ஒரு நூல் அளவு சிக்கி நின்றது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு. இனி இதை இழுத்தால் ஒரு நாள் முகத்துக்கு முன்னால் உடையும், திருத்தவும் முடியாது, இந்த வில்லுக்குக் கை செய்வதை நிறுத்திப் பத்து வருடம் ஆகிறது என்றாள். ஆகவே பழைய வில் வராது, பிள்ளை. என்னை மன்னித்துக்கொள். அப்பாவையும்.

வந்த காரியத்தில் மற்றப் பாதி மிச்சம் இருந்தது. உன் மகளுக்கு என்ன வில் வேண்டும் என்று அவள் கேட்டாள். நீ கேட்டபடி எனக்கு முதலில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றேன். அவளிடம் உன்னுடையதைப் போலவே ஒரு பழைய வில் சுவரில் தொங்கியது, மரப்பிடி, இரண்டு முனையிலும் வட்டச் சில்லு, கம்பி வடம். பக்கத்தில் இந்த வருடத்துப் புதியது, அலுமினியப் பிடி, பழையதைவிட அரை முழம் கட்டை, சில்லு வட்டமாக இல்லாமல் நெளிந்து ஒரு பக்கம் புடைத்து இருக்கிறது, கம்பிக்குப் பதிலாக நூல் வடம். இரண்டையும் முப்பது இறாத்தலுக்குக் குறைத்து வைக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். பாரம் ஒன்று, இழுக்கும் ஆள் ஒன்று, வில் மட்டும் வேறாக இருந்தால்தான் வில்லைப் பற்றி ஏதாவது தெரியும் என்றேன். அவள் காதில் இருந்த பென்சிலை எடுத்து அதைக் குறித்துக்கொண்டாள் என்று அப்பா சொல்கிறார், நான் பார்க்கவில்லை. உனக்கும் எனக்கும் கை ஒரே நீளம் என்று காட்ட நீ விட்டுப்போன நீலக் கம்பளிச் சட்டையையும் கொண்டுபோயிருந்தேன். அதைப் போட்டுக் காட்டியதும் அவளுக்கு என் பேச்சில் நம்பிக்கை வந்தது.

பழையதை இழுப்பது, ஸ்டீல்ஸ் வீதி மேம்பாலத்தில் நடப்பதுபோல, மெல்ல ஏறி மெல்ல இறங்குகிறது, முழங்கையில் ஒரு அதிர்ச்சியும் இல்லை. முழுக்க இழுத்ததும் பாரம் பாதியாகிறது, ஆக என் விரலில் நின்றது பதினைந்து இறாத்தல். புதியது அப்படி இல்லை. தொடங்கிய இடத்திலிருந்தே முழுப் பாரம், மாவு மூட்டையோடு மாடிப்படி ஏறுவதுபோல, இளகவே மாட்டாதோ என்று நினைக்கும் நேரத்தில் சடக்கென்று விழுகிறது, அதற்குப் பிறகு விரலில் நிற்பது எட்டு இறாத்தல்கூட இல்லை. இழுத்தபடி எவ்வளவு நேரம் நடுங்காமல் நிற்கலாம் என்று அப்பாவை மணிக்கூட்டைப் பார்க்கச் சொன்னேன். பழையதில் பதினொரு செக்கனில் அம்பு நுனி ஆடத் தொடங்கியது. புதியதில் முப்பத்தாறு. அதிலும் அப்பா இடையில், இஞ்சேரும், மூச்சை விடும், முகம் கத்தரிக்காய் மாதிரி வருகுது என்று சத்தம் போட்டதால்தான் நிறுத்தினேன். தனக்கும் ஒரு முறை என்று அப்பா கையை நீட்டியபோது வேரோனிக்கா முதலில் அம்பைக் கொடுத்தாள், பிறகுதான் வில்லைக் கொடுத்தாள்.

உன் ஆலைக்காரர்கள் புகழ்வது வேகத்தை. வேகம் உண்மைதான், புது வில்லின் அம்பு நேர்கோட்டுக்குக் கிட்டப் போகிறது, தூரத்தைக் கொஞ்சம் பிழையாகக் கணித்தாலும் மன்னிக்கிறது. ஆனால் நாணின் சத்தம் எந்த அம்பையும் விட நாலு மடங்கு வேகமாகப் போகும், இதை நான் ஒன்பதாம் வகுப்புக்கே படிப்பித்திருக்கிறேன், மான் சத்தத்தைத்தான் முதலில் கேட்கும், புது வில்லுக்குச் சத்தமும் கூட. அது கட்டையாக இருப்பதால் மரத்துக்கு மேல் கட்டிய தட்டில் நிற்க வசதி, ஆனால் பிடித்த கை சற்றுத் திரும்பினாலும் அம்பு அதைக் காட்டிக் கொடுக்கும். பழையது நீளம், அமைதி, கையின் சின்னப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். இந்த அளவில் நான் திரும்பியிருந்தால் பழைய மாதிரியிலேயே இன்னொன்று தேடு என்றுதான் உனக்கு எழுதியிருப்பேன்.

நீ வெட்டிய வரி என் கைப்பைக்குள் இருந்தது. போன வருடம் நீ எழுதியதை நான் மறக்கவில்லை. மான் தேவதாருப் பற்றைக்குப் பின்னாலிருந்து வந்து உனக்கு நேர் எதிராக நின்றது, நீ வில்லை இழுத்துவிட்டாய், அது பக்கவாட்டில் திரும்பட்டும் என்று காத்திருந்தாய், திரும்பியபோது உன் கை ஆடியது, அம்பு நெஞ்சுக்குப் பின்னால் பட்டு மான் காயத்தோடு ஓடியது, அடுத்த நாள் மத்தியானம் வரை நீயும் கிளடிஸும் அதைத் தேடி நடந்தீர்கள். கண்டுபிடித்தபோது அது எப்படி இருந்தது என்று நீ எழுதவில்லை. அப்பாவுக்கு நான் அந்தக் கடிதத்தின் முதல் பக்கத்தை மட்டும் காட்டினேன். வேட்டை எனக்குப் பிடித்த காரியம் இல்லை என்பது உனக்குத் தெரியும், ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சிக் கடையில் வரிசையில் நிற்பவள் உனக்குப் புத்தி சொல்ல வரமாட்டேன். அந்த ஒரு இரவு மட்டும் திரும்ப வரக்கூடாது. அதனால் வேரோனிக்காவிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், இழுத்தபடி எவ்வளவு நேரம் நின்றாள் என்று. ஒரு நிமிடம் இருக்கும் என்று நீ எழுதியிருந்தாய், பயத்தில் எண்ணிய நிமிடம் என்பதால் நான் அதைப் பாதியாக்கி, அரை நிமிடம் என்றேன். வட்டச் சில்லு வில்லில் இருபத்தைந்து இறாத்தலை அரை நிமிடம் பிடித்துக்கொண்டு நிற்பது தன்னாலும் முடியாது என்றாள். வில்லும் பிழையில்லை, பெண்ணும் பிழையில்லை, அவள் காத்திருக்கிற ஆள், அந்த வில் காத்திருக்கிற வில் இல்லை என்றாள். நான் சின்ன வயதிலிருந்து உன்னைப் பார்க்கிறேன். பரீட்சையில் கடைசி மணி அடிக்கும்வரை விடையைச் சரிபார்த்துக்கொண்டிருப்பவள் நீ. அதனால்தான் அந்த நெளிச் சில்லு வில்லை வாங்கினோம். எங்கள் பிழைக்கு இது ஈடு, விலையைக் கேட்டு எழுதாதே.

உன் அளவுக்கே பூட்டி, நாற்பத்தெட்டு இறாத்தலில் வைத்துத் தந்திருக்கிறாள். நாணை விரலால் இழுக்காமல் மணிக்கட்டில் கட்டும் பட்டியோடு ஒரு சின்ன விசை இருக்கிறது, கடுங்குளிரில் விரல் மரத்தாலும் பரவாயில்லை, ஆனால் விசையில் விரலை முன்கூட்டியே வைக்காதே. திங்கட்கிழமை விடிய மிசிசாகாவிலிருந்து பிரியந்தன் வின்னிபெக்குக்கு லொறி கொண்டுபோகிறான், செவ்வாய் இரவோ புதன் காலையோ உன் வீட்டுக்கு வருவான், சாப்பிடாமல் அனுப்பாதே. வில்லைப் பற்றி அவனிடம் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன். பயப்படாதேங்கோ அன்ரி, நான் அதைக் கையாலை தொடவே மாட்டன், அதுக்குச் சீற் பெல்ற்றும் போட்டுத்தான் கொண்டுபோவன் என்றான். பெட்டிக்குள் மீதி இடத்தில் பருத்தித்துறை வடை ஒரு பொதி இருக்கிறது, அது கிளடிஸுக்கு, போன வருடம் உன்னோடு நடந்ததற்கு. இறைச்சி கிடைத்தால் கறிக்கு இரண்டு இறாத்தல் போதும் என்று அப்பா எழுதச் சொல்கிறார். கிடைக்காவிட்டால் அவருக்கு முருங்கைக்காய்.

பழைய வில்லை எறியவில்லை. வேரோனிக்கா அதன் பாரத்தை முழுக்க இறக்கி, ஒருவரும் இழுக்க முடியாதபடி கம்பியால் கட்டித் தந்தாள். சண்முகநாதன் அண்ணை வந்து வாங்கிக்கொண்டு போனார், இனி வருடா வருடம் அது அம்பாளுக்குத்தான். கோயில் பொருட்கள் வைக்கும் அலுமாரியில் அதற்கு மேலே, நாணைத் தொடாதீர்கள் என்று என்னைக் கொண்டே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுவித்தார். ரீச்சர் சொன்னால் சனம் கேக்கும் என்றார். நான் சொன்னதைக் கேட்டுத்தானே இவ்வளவும் நடந்தது என்று அவருக்குத் தெரியாது.

ஒன்பதாம் திகதிக்கு முன் தினமும் பத்து அம்பு எய்து பழகு. அதைவிட முக்கியம், தினமும் பத்து முறை இழுத்து, எய்யாமலே திரும்ப இறக்கவும் பழகு. இந்த வில்லில் அதுதான் கடினம், இளகிய பாரம் திரும்ப வரும்போது தோளைப் பிடித்து உலுக்கும், வேரோனிக்கா காட்டியபோது என்னையே ஒரு அடி முன்னுக்குக் கொண்டுபோனது. அப்படி இறக்கும்போதும் நாணில் அம்பு இருக்க வேண்டும், கை தவறினால் அது போக ஒரு இடம் வேண்டும், இதை நான் உனக்குச் சொல்ல வேண்டிய ஆள் இல்லை என்றாலும் சொல்கிறேன். அன்று மான் வந்து நின்றால் இந்த வில் உனக்கு அரை நிமிடத்துக்கு மேல் தரும். அது திரும்பாவிட்டால், அல்லது உன் கை ஆடத் தொடங்கினால், மெதுவாக இறக்கிவிடு. அது போகட்டும். நீ வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து ஒரு ரெலிபோன் எடுத்து, அம்மா, இறக்கிவிட்டேன் என்று சொன்னால் நான் சண்முகநாதன் அண்ணையைக் கூட்டி அரோகரா போடுவேன்.

நல்ல உடம்போடும் நிதானமான கையோடும் நீ நெடுங்காலம் இருக்க அம்பாள் துணை நிற்பாள், அவளுக்கு இப்போது உன் வில்லும் இருக்கிறது. கம்பளிக் காலுறை இரண்டு சோடி வில்லின் அடியில் வைத்திருக்கிறேன், எடுக்க மறந்துவிடாதே. அப்பா தன் அன்பையும், தான் இழுத்தது இரண்டு முறைதான், மூன்று இல்லை என்பதையும் எழுதச் சொல்கிறார்.

உன் அன்பு அம்மா,
யோகமலர் இரத்தினவேல்